ஐ-80ல் இன்னொரு டைனருக்கும் பலகை அடித்துவிட்டார்கள்

நடுராத்திரி காபி

சிகாகோவிலிருந்து டென்வருக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை காரிலேயே போகிறவன் நான். ஆயிரம் மைலில் பெரும்பகுதி இன்டர்ஸ்டேட் 80 (ஐ-80) நெடுஞ்சாலை. நெப்ராஸ்காவில் ஒரு எக்ஸிட்டில் பழைய ட்ரக் ஸ்டாப் ஒன்று உண்டு. ஊர் பேர் வேண்டாம். நான்கு டீசல் பம்பு, பின்னால் சரளைக்கல் கொட்டிய மைதானம், ஒட்டினாற்போல ஒரு டைனர், அதாவது உட்கார்ந்து சாப்பிடும் கடை. ஒரே குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்தியது. ஒவ்வொரு மேஜை ஓரத்திலும் சுவரில் ஒரு டெலிபோன் இருக்கும். லைன் செத்து எத்தனையோ வருஷமாகியும் கழற்றாமல் வைத்திருந்தார்கள். மூன்றாம் தடவை போனபோதே, முட்டை எப்படி வேண்டும் என்று கேட்காமல் கொண்டுவந்து வைத்த அம்மா ஒருவர் இருந்தார்.

போன வாரம் போனேன். ஜன்னலெல்லாம் ப்ளைவுட். பம்புகளையும் பிடுங்கியாயிற்று.

எனக்குப் புரியாதது இதுதான். ஆறு மைல் தள்ளி ஒரு பெரிய செயின் ட்ரக் ஸ்டாப். அங்கே இடம் கிடைக்காமல் லாரிகள் எக்ஸிட் ராம்ப் ஓரத்தில் வரிசையாக இரவைக் கழிக்கின்றன. இங்கே மைதானம் காலி. லாரி இல்லாததால் கடை சாகவில்லை, லாரி நிரம்பி வழிகிற சாலையிலேயே செத்திருக்கிறது. எப்படி? இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய ரூட்டு

இதில் மர்மம் ஒன்றுமில்லை நண்பரே. 1956ல் ஐசன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே விதி எழுதியாயிற்று. அதற்கு முன் சாலை ஊருக்குள்ளே போனது, சாப்பாட்டுக் கடை வாசலிலேயே வண்டி நின்றது. இன்டர்ஸ்டேட் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையைப் பாருங்கள். கடைசியாக 1984ல் அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊரையும் ஒதுக்கிவிட்டுப் புதுச்சாலை போனது, அடுத்த வருஷமே 66 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். வழியிலிருந்த டைனர், மோட்டல் எல்லாம் வரிசையாக விழுந்தன.

ஸ்கார்பரோ லொறிக்காரன்

பழைய ரூட்டு அண்ணை சொல்றது ஊருக்குள்ள இருந்த டைனருக்குச் சரி. தம்பி கேக்கிறது வேற. ட்ரக் ஸ்டொப் எண்டிறதே இன்டர்ஸ்டேட் பெத்த பிள்ளை. அயோவாவில வோல்கொட்டில நிக்கிற அயோவா 80 ட்ரக் ஸ்டொப் திறந்தது 1964. லவ்ஸ் எண்டிற செயின் தொடங்கினதும் அதே 1964, ஒக்லஹோமாவில வட்டோங்கா எண்டிற சின்ன ஊரில. பெட்ரோ 1975, எல் பாசோவில. பெட்ரோவும் ஒரு காலத்தில தனி ஆளின்ர கடைதான். அப்ப பெத்த தாய் ஏன் பிள்ளையைக் கொண்டது எண்டு கேட்டாத்தான் மறுமொழி வரும்.

நான் 2008ல இருந்து ஓடுறன். டொரொண்டோவில ஏத்தி டெக்சாஸ், கலிபோர்னியா எண்டு ஓட்டம். எல்லை தாண்டினா அமெரிக்கச் சட்டம்தான். அது என்ன எண்டா, 10 மணித்தியாலம் ஓய்வெடுத்திட்டு வண்டியை எடுத்தா அடுத்த 14 மணித்தியாலத்துக்குள்ள 11 மணித்தியாலம் ஓடலாம். அந்த 14 ஒருக்காத் தொடங்கினா நிக்காது. நீங்கள் இருந்து சாப்பிட்டாலும் ஓடும். சாமான் ஏத்திற இடத்தில நாலு மணித்தியாலம் காக்க வைச்சாலும் ஓடும்.

முந்தி ஓடின நேரத்தை எழுதக் காகித லொக் புத்தகம். அதுக்கு நாங்கள் வைச்ச பேர் 'கொமிக் புத்தகம்'. முக்கால் மணித்தியாலம் இருந்து ஸ்டேக்கும் பையும் சாப்பிட்டு, பக்கத்து மேசைக்காரனோட ரெண்டு கதை கதைச்சிட்டு வந்தாலும் பேனை எல்லாத்தையும் சரிக்கட்டும். 2017 டிசம்பர் 18ல இருந்து அதைத் தானாப் பதியிற, எஞ்சினோட கொழுவின ஈஎல்டி பெட்டி. நிமிசக் கணக்கு. எட்டு மணித்தியாலம் ஓடினாப் பிறகு 30 நிமிச இடைவேளை எடுக்கோணும் எண்டு சட்டத்தில இருக்குத்தான். அதுக்குள்ள 70 அடி வண்டியை நிப்பாட்ட இடம் பிடிச்சு, ஒண்டுக்குப் போய், மேசையில இருந்து, ஓடர் குடுத்து, சாப்பாடு வந்து, பில் குடுத்து... நடக்கிற காரியமே? ஹீட்டருக்குக் கீழ உருளுற சொசேஜில ஒண்டை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

ரெண்டாவது, டீசல் எங்க அடிக்கிறது எண்டு நான் தீர்மானிக்கிறேல்லை. கொம்பனியின்ர கணினி சொல்லும், இன்ன எக்ஸிட், இத்தனை கலன் எண்டு. முந்தி வேலை செய்த ஒரு இடத்தில நான் ஒருக்கா ஒரு தனிக்கடையில அடிச்சிட்டன். அங்க மீற்லோஃப் நல்லா இருக்கும், வேற காரணம் ஒண்டுமில்லை. விலை வித்தியாசத்தைச் சம்பளத்தில பிடிச்சவங்கள்.

நடுராத்திரி காபி

அண்ணா, மீற்லோஃபுக்காக அபராதம் கட்டிய மனிதர் நீங்கள். என் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. ஆனால் சாப்பிடாமல் போனாலும் டீசல் விற்றிருக்குமே, ஏன் அதுவும் போயிற்று என்று கேட்க இருந்தேன்.

சும்மா சொல்றேன்

எல்லாரும் அழுது முடிச்சீங்களா? ரெண்டு குழந்தைங்களோட இந்த நாட்டைக் குறுக்கால ரெண்டு தடவை காரில் கடந்தவள் நான். உங்க பழைய டைனர்ல காபி கழுவின தண்ணி. சைவம்னு சொன்னா ஹாஷ் ப்ரவுனும் டோஸ்டும், அந்த ஹாஷ் ப்ரவுனும் பேக்கன் புரட்டின அதே தட்டுல. ராத்திரி பதினோரு மணிக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு அந்தக் கழிவறைக்குப் போகணுமே, அப்ப தெரியும் உங்க பாரம்பரியம். செயின்ல வெளிச்சம் இருக்கு, கேமரா இருக்கு, தரை துடைச்சிருக்கு. ஜனங்க முட்டாள் இல்லை.

டெக்சாஸ்ல பக்கீஸ்னு ஒண்ணு. லூலிங்ல 2024ல திறந்தது 75,000 சதுர அடி. ஊரே அதோட கழிவறைக்காகத்தான் போகுது.

ஸ்கார்பரோ லொறிக்காரன்

> ஊரே அதோட கழிவறைக்காகத்தான் போகுது

ஊர் போகலாம் தங்கச்சி, நான் போகேலாது. பக்கீஸ் வாசலிலேயே 18 சக்கர வண்டிக்கு இடமில்லை எண்டு எழுதியிருக்கு. கழிவறை விசயத்தில நீங்கள் சொல்றது நூறு வீதம் சரி. சில தனிக்கடையளில ஷவருக்குள்ள செருப்பைக் கழட்டமாட்டன்.

பேரேடு

மிசௌரியில் ஒரு தனிக்கடைக்கு ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவன். (சிபிஏ. என் வாடிக்கையாளர் பட்டியலிலேயே அதிகம் கத்தியவரும், கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் பீகன் பை அனுப்பியவரும் அந்த முதலாளிதான்.) டீசல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்தச் சமையல்கட்டு ஒருநாளும் லாபம் பார்த்ததில்லை. 24 மணி நேரமும் சமையல்காரர், பரிமாற இரண்டு பேர், விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்பது நாலு பேர். எப்படிக் கட்டும்? டீசல் கட்டியது. ஒரு லாரி இரண்டு தொட்டியும் சேர்த்து 200 முதல் 300 காலன் பிடிக்கும். டிரைவர் சாப்பாட்டுக்காக நிறுத்துவார், நிறுத்திய இடத்தில் டீசல் அடிப்பார். சாப்பாடு தூண்டில், டீசல் மீன். எல்லாத் தனிக்கடைக்கும் அதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் முதல் ஓட்டை 1980 ஜூலையில் விழுந்தது. கார்ட்டர் கையெழுத்திட்ட மோட்டார் கேரியர் சட்டம். அதுவரை எந்தச் சரக்கை யார் எந்தத் தடத்தில் ஏற்றலாம், என்ன கட்டணம் என்பதெல்லாம் கட்டுப்பாட்டில் இருந்தது. அது தளர்ந்ததும் போட்டி, கட்டணச் சரிவு, ஆயிரக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். ஆயிரம் வண்டிக்கு டீசல் வாங்குகிறவன் டிரைவரை நம்பியா இருப்பான்? செயினோடு நேராகப் பேசி காலனுக்கு இத்தனை சென்ட் தள்ளுபடி என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வான். டிரைவருக்கு ஒரு கார்டு, எங்கே எவ்வளவு அடிக்கலாம் என்று அந்தக் கார்டில் வரம்பு. காலனுக்குச் சில சென்ட்தான் லாபமே. அதில் தள்ளுபடியும் தரவேண்டும் என்றால் ஒற்றைக் கடைக்காரர் எங்கே போவார்?

கார்டு என்றதும் ஒன்று. 2007ல் கலிபோர்னியாவின் ஒரு தனி ட்ரக் ஸ்டாப் முன்னால் நின்று, காம்டேட்டா என்ற ஃப்ளீட் கார்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பிறகு மூன்று பெரிய செயின்களும் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டன. பெரிய செயின்களுக்கு ஒரு கட்டணம், எங்களுக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம், அந்தக் கார்டை ஏற்காவிட்டால் லாரியே வராது என்பது குற்றச்சாட்டு. 2014ல் 130 மில்லியன் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. தவறு செய்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, சமரசம் என்றால் அப்படித்தான். ஏழு வருஷம் இழுத்ததில், பங்கு வாங்குவதற்குள் மூடிப்போன கடைகள் எத்தனையோ.

இன்னொன்று மண்ணுக்கு அடியில். பழைய இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து டீசல் நிலத்தடி நீரில் கலக்கிறது என்று 1988ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ விதி கொண்டுவந்தது. பத்து வருஷம் கெடு. 1998 டிசம்பர் 22க்குள் தொட்டிகளை மேம்படுத்து, மாற்று, அல்லது மூடு. தேவையான விதிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாலு பம்பு வைத்திருப்பவருக்கும் நாற்பது பம்பு வைத்திருப்பவருக்கும் குழி தோண்டுகிற கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே கசிவு ஏற்பட்டால் ஈடுகட்ட, ஒரு சம்பவத்துக்கு மில்லியன் டாலர் அளவுக்குப் பொறுப்பு காட்டவேண்டும். மூடினாலும் தொட்டியைச் சும்மா விட முடியாது, காலி செய்து மண்ணைச் சோதித்தாக வேண்டும். நடுராத்திரி காபி பார்த்த பிடுங்கிய பம்பு அதனாலாகவும் இருக்கலாம்.

பழைய ரூட்டு

ஐயா, திருத்திக்கொள்கிறேன். சாலை கொன்றது என்று நினைத்தேன், கார்டு கொன்றிருக்கிறது.

பேரேடு

சாலையும்தான். ஒரே கொலையாளி தேடாதீர்கள். என் வாடிக்கையாளருக்கு வயது 71, மகள் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், கடை வேண்டாம் என்றாள். அதையும் எந்த வரியில் எழுதுவது?

ஜெர்சி பக்கம்

ட்ரக் ஸ்டாப்பையும் டைனரையும் ஒரே குழம்பில் போடுகிறீர்கள். டைனர் வேறு சாதி. 1872ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவு வேலைக்காரர்களுக்குக் குதிரை வண்டியில் சாப்பாடு விற்றதில் ஆரம்பித்தது. பிறகு தொழிற்சாலையிலேயே முழுக் கடையாகச் செய்து, ரயில் பெட்டி மாதிரி ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். எங்கள் நியூ ஜெர்சியில் எலிசபெத், பேட்டர்சன் ஊர்களில் அந்தத் தொழிற்சாலைகள் இருந்தன. மாசசூசெட்ஸில் வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906 முதல் 1957 வரை செய்தது. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் உள்ள மாடர்ன் டைனரை 1978லேயே தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்த்தார்கள், டைனர்களில் அதுதான் முதல்.

எங்கள் பக்கம் டைனரை அழிப்பது டீசல் இல்லை, நிலம். கிரேக்கக் குடும்பங்கள் ராப்பகலாக நடத்தியவை. பிள்ளைகள் வக்கீலாகவும் டாக்டராகவும் போய்விட்டார்கள். கடை நிற்கும் முக்கால் ஏக்கருக்கு அபார்ட்மென்ட் கட்டுகிறவன் தரும் விலையை ஆம்லெட் போட்டுச் சம்பாதிக்க எத்தனை ஜென்மம் ஆகும்? அதிலும் 2020க்குப் பிறகு, 24 மணி நேரம் என்று எழுதிய பலகைக்குக் கீழே பத்து மணிக்குப் பூட்டுகிறார்கள்.

உப்பும் புளியும்

ஒரு சின்ன இடைச்செருகல். டைனர் என்றால் எல்லாரும் தோளோடு தோள் உட்கார்ந்த இடம் என்று கதை கட்டுகிறார்கள். எல்லாரும் இல்லை. கறுப்பினத்தவர் எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று தனி வழிகாட்டியே 1936லிருந்து முப்பது வருஷம் வந்தது. 1961ல் மேரிலாண்டின் ரூட் 40 டைனர் ஒன்றில், வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்த சாட் நாட்டுத் தூதருக்கே காபி தர மறுத்தார்கள். கென்னடி அரசாங்கத்துக்கு அது பெரிய தலைவலி. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் காலத்தில் முட்டை கேட்காமலே வந்திருக்கும்?

செயினின் முகமில்லாத கவுன்டர் சில பேருக்கு நிம்மதி. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நடுராத்திரி காபி

உண்மை. என் முட்டைக் கதையை அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

மேஜை டெலிபோன் எதற்கு என்று யாராவது சொல்லுங்களேன்?

ஸ்கார்பரோ லொறிக்காரன்

லோட் பிடிக்க. கைபேசி வர முந்தி டிரைவர் சாப்பிட்டுக்கொண்டே புரோக்கருக்கு அடிப்பான், திரும்பிப் போக என்ன சாமான் இருக்கெண்டு. வீட்டுக்கும் அடிப்பான். அப்ப ட்ரக் ஸ்டொப் எண்டிறது எங்கட கந்தோர். இப்ப எல்லாரும் லோட் தேடுற டிஏடி இருக்கே, அது 1978ல போர்ட்லண்டில ஜூபிட்ஸ் எண்டிற குடும்ப ட்ரக் ஸ்டொப்பில தொடங்கினது. டயல்-எ-ட்ரக் எண்டிறதின்ர சுருக்கம்தான். திரையில லோட் போடுவாங்கள், டிரைவர்மார் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பினமாம். இப்ப அது எல்லாற்றை ஃபோனுக்குள்ளயும் இருக்கு, திரையைப் பாக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை.

சும்மா சொல்றேன்

அதாவது கடையே தன் வாடிக்கையாளரைத் துரத்துற மெஷினைக் கண்டுபிடிச்சிருக்கு. பாவம்.

சரி, லாரிங்க ராம்ப்ல தூங்குதுன்னா கவர்ன்மென்ட் ரெஸ்ட் ஏரியாவுல கடை கட்டி இடம் விட்டா என்ன? நியூ ஜெர்சி டர்ன்பைக்னு அந்த டோல் ரோட்ல இருக்கே?

பேரேடு

இன்டர்ஸ்டேட் நிலத்தில் கடை வைக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். 1960க்கு முன் வந்த சாலைகளுக்கு விலக்கு, அதனால்தான் டர்ன்பைக்கில் பார்க்கிறீர்கள். மற்ற இடத்தில் வெண்டிங் மெஷினோடு சரி. ஊர்க் கடைக்காரனின் பிழைப்பு கெடக்கூடாது என்ற எண்ணத்தில் வந்த சட்டம். அதைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ட்ரக் ஸ்டாப் சங்கமான நாட்சோ எதிர்த்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், காப்பாற்றப்பட்ட அந்த எக்ஸிட் முனையை இன்று பிடித்திருப்பது செயின்கள். பைலட்டும் ஃப்ளையிங் ஜேவும் 2010ல் ஒன்றாயின, 2024 ஜனவரியோடு முழுதும் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் கையில். டிஏ (டிராவல் சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா) செயினை 2023ல் பிபி எண்ணெய் நிறுவனம் வாங்கியது. பெட்ரோ 2007லேயே டிஏவுக்குள் போய்விட்டது. பெரியதில் குடும்பச் சொத்தாக நிற்பது லவ்ஸ்.

ஸ்கார்பரோ லொறிக்காரன்

தம்பியின்ர முதல் கேள்விக்கு இப்ப வாறன், ராம்பில ஏன் நிக்கிறம் எண்டு. அமெரிக்கா முழுக்க லொறி நிப்பாட்ட 313,000 இடம் எண்டு 2019 கணக்கெடுப்பு. அதில அரச ரெஸ்ட் ஏரியா 40,000தான். மிச்சம் முழுக்க ட்ரக் ஸ்டொப்காரன்ர காணி. அப்ப ஒரு தனிக்கடை பூட்டினா ஒரு டைனர் மட்டும் போகேல்லை, இருபது முப்பது வண்டியின்ர நித்திரையும் போகுது. அந்தக் கணக்கெடுப்பிலதான் 98 வீதமான டிரைவர்மார் பாதுகாப்பான இடம் கிடைக்கக் கஷ்டம் எண்டு சொன்னது.

அந்தக் கணக்கெடுப்பு எப்பிடி வந்தது தெரியுமே? 2009ல ஜேசன் ரிவன்பர்க் எண்டு நியூயோர்க் டிரைவர். சவுத் கரோலைனாவில சாமான் இறக்கிற இடத்துக்கு நேரத்தோட வந்திட்டார், உள்ள விடேல்லை. கைவிட்ட எரிபொருள் நிலையம் ஒண்டில நிப்பாட்டிப் படுத்தவர். அங்க வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள். பறிச்ச காசு 7 டொலர். மனிசி அப்ப வயித்தில ரெட்டைப் பிள்ளையள். அவ போராடினதாலதான் 2012ல 'ஜேசன் சட்டம்' எண்டு வந்தது.

பூட்டின கடையின்ர முற்றத்தில நிப்பாட்ட எனக்கு இண்டைக்கும் மனம் வராது. அங்க காணி காலியாக் கிடக்கு எண்டு தம்பி எழுதினதை வாசிச்ச உடன ஜேசன்ர ஞாபகம்தான் வந்தது.

நடுராத்திரி காபி

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை அண்ணா.

பழைய ரூட்டு

பேச்சை மாற்றுவதற்கு மன்னிக்கவும். இத்தனை காரணம் இருந்தும் சில தனிக்கடைகள் புதிதாக முளைக்கின்றனவே? ஒக்லஹோமாவில் ஐ-40 ஓரம் சேயர் என்ற சின்ன ஊரில் பஞ்சாபி டாபா. நான் சாப்பிட்டிருக்கிறேன். சுற்றிலும் மாட்டுப் பண்ணை, உள்ளே தந்தூர் அடுப்பு. வயோமிங்கின் லாரமியிலும் உண்டு. பழைய ட்ரக் ஸ்டாப்பைச் சீக்கியக் குடும்பங்கள் வாங்கி நடத்துகின்றன. அங்கே மட்டும் கணக்கு எப்படிக் கட்டுகிறது?

பேரேடு

நல்ல கேள்வி. என் ஊகம் இது. அங்கே நிறுத்தும் சர்தார்ஜிகளில் நிறையப் பேர் சொந்த வண்டிக்காரர்கள், அல்லது மச்சான் வண்டி, மாமா வண்டி. டீசல் எங்கே அடிப்பது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். சாப்பாட்டுக்காக நிறுத்துகிறார்கள், நிறுத்திய இடத்தில் அடிக்கிறார்கள். நான் மேலே சொன்ன பழைய கணக்கு அப்படியே வேலை செய்கிறது. சுவை மாறியதால் டைனர் செத்தது என்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். பாதி அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஒரு பரோட்டாவுக்காக எக்ஸிட் எடுக்கிற டிரைவர் இன்றும் இருக்கிறார், அவர் பையில் இருப்பது அவருடைய சொந்தக் கார்டாக இருந்தால்.

ஸ்கார்பரோ லொறிக்காரன்

ஓம். அதோட அவை சாப்பாட்டைப் பெட்டியில கட்டி ரெடியா வைச்சிருப்பினம். முன்னுக்கே ஃபோன் அடிச்சுச் சொன்னாச் சரி, அஞ்சு நிமிச வேலை. ஈஎல்டிக்குத் தோதான கடை.

நடுராத்திரி காபி

டிசம்பரில் மறுபடி போகிறேன். வழியில் பழைய மாதிரி உட்கார்ந்து சாப்பிட எது மிச்சம்?

ஜெர்சி பக்கம்

அயோவா 80. எக்ஸிட் 284. உலகத்திலேயே பெரிய ட்ரக் ஸ்டாப் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பல் டாக்டர், முடிதிருத்தகம், பக்கத்திலேயே லாரி மியூசியம், உட்கார்ந்து சாப்பிட 300 இருக்கை.

பழைய ரூட்டு

அது டிஏ செயின் பலகை தொங்கும் இடம் அல்லவா? அதைத் தனிக்கடை என்று எப்படிச் சொல்வது?

பேரேடு

பலகை வேறு, பத்திரம் வேறு. ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டியது, பில் மூன் என்பவர் நிர்வகித்து 1984ல் சொந்தமாக வாங்கினார். இன்றும் அந்தக் குடும்பத்தினுடையதுதான். செயினின் உரிமம் எடுத்ததால் ஃப்ளீட் கார்டு வருகிறது, கார்டு வருவதால் சமையல்கட்டு எரிகிறது. என் மிசௌரிக்காரருக்கும் இதைத்தான் சொன்னேன். பெயர்ப் பலகையை மாற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பா பெயர்.

ஸ்கார்பரோ லொறிக்காரன்

தம்பி, டென்வருக்கு நீங்கள் ஜூல்ஸ்பர்க்கில ஐ-76க்குத் திரும்பிடுவீங்கள். திரும்பாம நேர போனா லாரமி. இல்லாட்டி டென்வர் போய்ச் சேந்தாப் பிறகு ஒரு நாள் வடக்க ஓடுங்கோ, ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல.

நடுராத்திரி காபி

ஒரு பரோட்டாவுக்கா?

ஸ்கார்பரோ லொறிக்காரன்

ரெண்டு பரோட்டாவுக்கு.

சும்மா சொல்றேன்

அங்க சைவம் தனித் தட்டுல போடுவாங்களா? கழிவறை எப்படி?

ஸ்கார்பரோ லொறிக்காரன்

சைவம் வடிவா இருக்கு தங்கச்சி, தால், பன்னீர் எல்லாம். கழிவறை பரவாயில்லை. சரி, என்ர பத்து மணித்தியாலம் முடிஞ்சுது. வெளிக்கிடுறன்.